ஒரு கோடு கூடிப்போனதற்கு வழக்கு வருமா?

பெங்களூரு முருகேஷ்பாளையாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 6 வருடமாக டெக்னிக்கல் ரைட்டர். அது பகல் வேலை. இரவில், சம்பளம் எதுவும் இல்லாமல், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை வைத்து இயங்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் பேக்கப் கருவியின் டாக்குமென்டேஷனை, அதாவது பயன்பாட்டுக் குறிப்புகளை, கவனித்துக்கொள்கிறார். எழுத்துப்பிழை, செத்துப்போன லிங்க், விட்டுப்போன முற்றுப்புள்ளி என்று எங்கெங்கிருந்தோ யார் யாரோ அனுப்பும் சில்லறைத் திருத்தங்களைப் படித்துப் பார்த்து 'அப்ரூவ்' கொடுப்பது இவர் பொறுப்பு. 3 வருடத்தில் 800க்கு மேல் பார்த்திருக்கிறாராம்.

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றே முக்கால் மணி. மகளைத் தூங்கவைத்துவிட்டு போனை எடுத்தால் ஒரு திருத்தம் காத்திருக்கிறது. 'எழுத்துப்பிழை நீக்கம், உதாரணங்களை ஒரே மாதிரி ஆக்குதல்' என்று தலைப்பு. மாறியிருப்பது மூன்றே வரி. ஒன்றில் இடம் மாறிய எழுத்து, ஒன்றில் கமா. மூன்றாவது வரியில் ஒரு கட்டளை உதாரணம். அதில் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷ் (சாய்கோடு) புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்ரூவ் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். பத்து நாள் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். அந்தப் பக்கத்தில் இருந்தபடியே கட்டளையைக் கொடுத்தேன், பேக்கப் டிஸ்கில் இருந்த மற்ற ஃபோல்டர்கள் அத்தனையும் போய்விட்டன, இனி என் வக்கீல் பேசுவார் என்று.

வாசகிக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என்மேல் வழக்கு வருமா? என் கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? 'பேரை அழித்துவிட்டு வெளியே வந்துவிடு' என்று கணவர் சொல்கிறாரே, செய்யலாமா? இவைதான் கேள்விகள். வேலை ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

வழக்கு அப்புறம். ஜெர்மனிக்காரர் எழுதி ஒன்பது நாள் ஆகியும், பயத்தில் நீங்கள் அவருக்கு ஒரு வரிகூடப் பதில் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே செய்யுங்கள். அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுத வேண்டாம், கழற்றி வையுங்கள் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை, அழிந்த கோப்புகளை மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு குறைவு. அதன் பிறகு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எந்தத் தேதியில் எந்த வரி மாறியது, எந்தத் தேதியில் பழையபடி ஆக்கப்பட்டது, அந்த இடைவெளியில் பக்கத்தைப் பார்த்தவர்கள் எதைச் சரிபார்க்க வேண்டும். வருத்தமும் தெரிவிக்கலாம், அதில் தவறில்லை. 'நஷ்டத்தை நான் ஏற்கிறேன்', 'முழுக்க என் குற்றம்' என்ற மாதிரி வாக்கியங்கள் மட்டும் வேண்டாம். சட்டத்தில் ஒப்புக்கொள்ளல் என்பதற்குத் தனி எடை இருக்கிறது. இரவு ஒரு மணிக்கு அழுதுகொண்டே எழுதும் மெயிலுக்கும் அதே எடைதான்.

வழக்கு வருமா?

யார் வேண்டுமானாலும் யார்மேலும் வழக்குப் போடலாம். நிற்குமா என்பதுதான் கேள்வி. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நிற்பது கடினம்.

உங்கள் ப்ராஜெக்ட், ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களில் ஒன்றான ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது என்கிறீர்கள். 2007இல் வந்த அந்த லைசென்ஸின் 15ஆம் பிரிவு எந்த உத்தரவாதமும் இல்லை என்கிறது. 16ஆம் பிரிவு நஷ்டத்துக்குப் பொறுப்பு இல்லை என்கிறது. தரவு இழப்பை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். சில ப்ராஜெக்ட்களில் மென்பொருள் நிரலுக்கு (கோட்) ஒரு லைசென்ஸ், டாக்குமென்ட் ஃபோல்டருக்கு வேறொன்று இருக்கும். அது கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 லைசென்ஸ் என்றாலும் அதன் 5ஆம் பிரிவில் இதே மாதிரி பொறுப்புத் துறப்பு உண்டு. எதுவும் எழுதாமல் விட்டிருந்தால்தான் சங்கடம்.

'அவர் லைசென்ஸைப் படிக்கவே இல்லையே, வெப்சைட்டில் ஒரு பக்கத்தைத்தானே படித்தார்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். இந்த இடத்தில் ஒரு பழைய லண்டன் வழக்கு உதவும். ஒரு விளம்பர நிறுவனம், தன் வாடிக்கையாளரின் பணநிலை எப்படி என்று அந்த வாடிக்கையாளரின் வங்கியிடம் விசாரிக்கிறது. வங்கி, கட்டணம் ஏதும் வாங்காமல், நல்ல நிலைதான் என்று பதில் தருகிறது. ஆனால் கடிதத்தின் தலையில் 'எங்கள் பொறுப்பு இன்றி' என்று ஒரு வரி. வாடிக்கையாளர் திவாலாகிவிட, விளம்பர நிறுவனத்துக்கு 17,000 பவுண்டுக்கு மேல் நஷ்டம். ஹெட்லி பர்ன் வழக்கு என்பார்கள், 1963. இலவசமாகச் சொன்ன யோசனைக்கும் பொறுப்பு வரலாம் என்று, அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. அதே தீர்ப்பில், அந்த ஒரு வரி இருந்ததால் வங்கி தப்பியது. நம் நீதிமன்றங்களும் கவனக்குறைவு வழக்குகளில் ஆங்கிலேயத் தீர்ப்புகளைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். ஆகவே லைசென்ஸ் கோப்பில் புதைந்து கிடக்கும் பொறுப்புத் துறப்பை, அழிக்கும் கட்டளைகள் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எடுத்து வையுங்கள். 'முதலில் ஒத்திகை பாருங்கள், இது உத்தரவாதமில்லாத உதவி' என்று இரண்டு வரி போதும்.

நுகர்வோர் நீதிமன்றம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், இலவசமாகச் செய்யும் சேவை 'சேவை' என்ற விளக்கத்துக்குள்ளேயே வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவுக்கு நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணம் வேண்டும். தூக்கக் கலக்கம் அதில் சேராது. அவர் ஜெர்மனியில் ஒரு தீர்ப்பே வாங்கினாலும், அதை நேராகக் கொண்டுவந்து பெங்களூரு நீதிமன்றத்தில் நிறைவேற்ற முடியாது. நேரடி நிறைவேற்றத்துக்காக நம் அரசு அறிவித்திருக்கும் நாடுகளின் பட்டியலில் பிரிட்டன், சிங்கப்பூர் இருக்கின்றன, ஜெர்மனி இல்லை. அந்தத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் ஒருவேளை வந்தால் அது நோட்டீஸ்தான், நீதிமன்ற உத்தரவு அல்ல. நீங்களாகப் பதில் எழுத வேண்டாம்.

'டாக்குமென்ட் தானே, கோட் இல்லையே'

கடிதத்தில் மூன்று இடத்தில் இதைச் சொல்கிறீர்கள். கம்பெனி ஒப்பந்தம் கோடுக்குத்தான், நான் தொட்டது வெறும் டாக்குமென்ட், அதனால் பிரச்சினை இல்லை என்று. மன்னிக்கவும், உங்கள் விஷயத்தில் இது தலைகீழ். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(சி) என்ன சொல்கிறது? வேலையின் போக்கில் ஒருவர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். உங்கள் கம்பெனியின் கணக்காளர் இரவில் உட்கார்ந்து டாக்குமென்ட் எழுதினால், அது அவர் வேலையின் போக்கில் வந்ததல்ல என்று சொல்வது எளிது. உங்களுக்கு டாக்குமென்ட் எழுதுவதே தொழில். கோட் எழுதியிருந்தால்கூட நீங்கள் கொஞ்சம் பத்திரமாக இருந்திருப்பீர்கள்.

(போகிற போக்கில் ஒன்று. நீங்கள் எல்லா இடத்திலும் 'காப்புரிமை' என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் கம்பெனிக்கு எழுதும்போது பதிப்புரிமை என்றே எழுதுங்கள். காப்புரிமை என்றால் பேட்டன்ட். அந்தச் சொல்லைப் பார்த்ததும் சட்டப் பிரிவில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.)

சரி, 800 திருத்தங்களுக்கும் கம்பெனி உரிமை கேட்குமா? பெரும்பாலானவற்றில் கேட்பதற்கே ஒன்றும் இல்லை. முதலாவது, அப்ரூவ் பட்டனை அழுத்துவதால் நீங்கள் ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. இரண்டாவது, கமா போட்டவருக்கே அதில் உரிமை சந்தேகம்தான். 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் ஏறக்குறைய உங்கள் வேலையைத்தான் எடை போட்டது. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பதிப்பகம் அது. எழுத்துப்பிழை திருத்தினோம், நிறுத்தக்குறி போட்டோம், அதனால் திருத்திய வடிவத்துக்குப் பதிப்புரிமை எங்களுக்கு என்று கேட்டது. வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்புத் தன்மை வேண்டும் என்று சொல்லி, பிழைதிருத்தங்களுக்கு உரிமையை மறுத்தது நீதிமன்றம். ஆனால் யோசித்துப் பத்தி பிரித்து எண் கொடுத்ததற்கு உரிமை உண்டு என்றது. அந்த அளவுகோலில் உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று. 2023இல் 'இன்ஸ்டலேஷன் பக்கத்தை முழுக்க நானே திரும்ப எழுதினேன்' என்கிறீர்களே, அது. அது படைப்பு.

அந்தப் பக்கத்தை அனுப்பும்போது வழக்கம்போல 'சைன்ட் ஆஃப் பை' வரியும் போட்டிருப்பீர்கள். அது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் அதிகம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை முன்வைத்து எஸ்சிஓ நிறுவனம் 2003இல் வழக்குப் போட்டதும், யார் எழுதியது, கொடுக்க உரிமை இருந்ததா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அதன் பிறகு 2004இல் வந்ததுதான் அந்த வரி. 'இதை இந்த லைசென்ஸில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது' என்று நீங்கள் சான்று சொல்கிறீர்கள். 14ஆம் பிரிவின்படி அந்த உரிமை கம்பெனியுடையது என்றால், உங்கள் சான்று ஆட்டம் காணும். சிக்கல் உங்களோடு நிற்காது, ப்ராஜெக்டுக்கும் போகும்.

ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவைக் காட்டி, தொழில் செய்வதைத் தடுக்கும் எந்த ஷரத்தும் செல்லாது என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பாதி சரி. வேலையை விட்ட பிறகு கட்டிப்போடும் ஷரத்துகள் பெரும்பாலும் செல்லாது. வேலையில் இருக்கும்போதே போடும் கட்டுப்பாடு வேறு. அது செல்லும் என்று 1967லேயே கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் 14ஆம் பிரிவு 'சம்பளம் பெற்றோ பெறாமலோ வேறு எந்தப் பணியிலும்' என்கிறது. 2022இல் ஒரு பெரிய ஐடி நிறுவனம் 300 பேரை வெளியே அனுப்பியதை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அங்கே சொல்லப்பட்ட குற்றச்சாட்டு போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்தார்கள் என்பது. நீங்கள் பார்ப்பது சம்பளமில்லாத பொதுவேலை. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தப் 'பெறாமலோ' என்ற சொல் அங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறது.

அதனால் கேட்டுவிடுங்கள். மேலாளருக்கு ஒரு மெயில். ப்ராஜெக்டின் பெயர், நம் தயாரிப்புக்கு அது போட்டி இல்லை என்ற விவரம், வேலை நேரத்துக்கு வெளியே செய்வது, இதுவரை செய்ததற்கும் இனிமேல் செய்வதற்கும் எழுத்துமூல அனுமதி, இன்ஸ்டலேஷன் பக்கத்தின்மேல் கம்பெனி உரிமை கோராது என்ற உறுதி. ஆபீஸ் லேப்டாப்பை இரண்டு தரம் பயன்படுத்தியதை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். லாக் பார்த்து அவர்கள் கண்டுபிடிப்பதைவிட அது நூறு மடங்கு மேல். ஓப்பன் சோர்ஸுக்கென்று தனிப் பிரிவு இருந்தால் அங்கே நகல் அனுப்புங்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை. அனுமதி கையில் வரும்வரை நீளமாக எதுவும் எழுதித் தர வேண்டாம். அவர்கள் மறுப்பதற்கும் இடம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. மறுத்தால் இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அனுமதியே கேட்காமல் தொடர்வதும் ஒரு வழிதான், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஒரு ஜெர்மனிக்காரர் வக்கீலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பேரை அழிப்பது

உங்கள் கணவர் உங்கள்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். ஆனால் முடியாது, முடிந்தாலும் கூடாது. திருத்தங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' மென்பொருளில் ஒவ்வொரு கமிட்டின் (பதிவான திருத்தத்தின்) அடையாள எண்ணும் அதற்கு முந்தையதையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. நடுவில் ஒரு பெயரை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த அத்தனை எண்களும் மாறும். ஆயிரம் பேர் வைத்திருக்கும் நகல்களோடு பொருந்தாமல், மாற்றியது நீங்கள்தான் என்று தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். சட்டத்திலும், நீதிமன்றம் கேட்கக்கூடிய மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வராமல் தடுக்க அழிப்பது தனிக் குற்றம். பழைய ஐபிசி 204, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 241. உங்களைக் காப்பாற்றப்போவதே அந்தப் பதிவுதான். யார் அனுப்பினார், என்ன தலைப்பு வைத்தார், எத்தனை நாளில் திருப்பப்பட்டது, எல்லாம் தேதியோடு அதில் இருக்கிறது. உங்களோடு ப்ராஜெக்டைப் பராமரிக்கும் சக மெயின்டெய்னர், அந்தத் திருத்தத்தை முறையாக ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கியிருக்கிறார், நல்ல காரியம்.

எது சின்னத் திருத்தம்?

கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருக்கிறீர்கள். 'மூன்று வரி திருத்தம் சார், அதில் இவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?' இதற்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்கிறேன். சிவில் நடைமுறைச் சட்டம் 152ஆம் பிரிவில், தீர்ப்பில் விழுந்த எழுத்துப்பிழையை, கணக்குப் பிழையை நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் திருத்தம் என்ற பெயரில் தீர்ப்பின் பொருளை மாற்ற முடியாது. எத்தனை எழுத்து மாறுகிறது என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு கிரயப் பத்திரம் வந்தது. சர்வே எண்ணில் 1 என்பது 7 என்று அடிக்கப்பட்டிருந்தது. டைப் அடித்தவரைக் கேட்டால் 'ஒரு எழுத்துதானே சார்' என்பார். அந்த ஒரு எழுத்தில் வாங்கியவருடைய நிலம் பக்கத்து வீட்டுக்காரருடையதாகிவிட்டது. விற்றவரைத் தேடிப் பிடித்துப் பிழைத்திருத்தல் பத்திரம் போட எட்டு மாதம்.

உங்கள் ஸ்லாஷும் அந்த வகைதான். என் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், லேப்டாப்பில் போட்டும் காட்டினான். ஆர்சிங்க்கில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ் இல்லாவிட்டால், அந்த ஃபோல்டர் அப்படியே பேக்கப்புக்குள் ஒரு ஃபோல்டராகப் போய் உட்காரும். ஸ்லாஷ் போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். கூடவே 'டிலீட்' என்ற விருப்பமும் இருந்தால் கதை வேறு. ஸ்லாஷ் இல்லாதவரை பேக்கப்பில் உள்ள மற்ற ஃபோல்டர்களை அது தொடாது. ஸ்லாஷ் வந்துவிட்டால் பேக்கப் டிஸ்க் முழுவதும் மூல ஃபோல்டரின் நகலாக வேண்டும் என்று புரிந்துகொண்டு, மூலத்தில் இல்லாததை எல்லாம் பேக்கப்பிலிருந்து துடைத்துவிடும். திருத்தம் அனுப்பியவருக்கும் அது தெரிந்திருக்காது. மற்ற உதாரணங்களில் ஸ்லாஷ் இருக்கிறதே, இதிலும் இருக்கட்டும் என்று அழகு பார்த்திருக்கிறார்.

லினக்ஸ் கெர்னலில் 'ரிவ்யூட் பை' என்று பெயர் போடுபவருக்கு ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன், தகுதியானது என்று நம்புகிறேன், ஆனால் எல்லாச் சூழலிலும் சரியாக இயங்கும் என்று உத்தரவாதம் தரவில்லை என்பது அதன் சாரம். உங்கள் ப்ராஜெக்டிலும் அப்படி ஒன்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பேட்சில் (அனுப்பும் ஒரு திருத்தத்தில்) ஒரு மாற்றம்தான் என்ற அவர்களுடைய விதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழையோடு கட்டளை மாற்றமும் ஒரே திருத்தத்தில் வந்தால் 'பிரித்து அனுப்புங்கள்' என்று திருப்பிவிடலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. கட்டளை, எண், பாதை, 'இல்லை', 'கூடாது' இவற்றில் எது மாறினாலும் போனில் அப்ரூவ் வேண்டாம். காலையில் லேப்டாப்பில், ஒரு காலி ஃபோல்டரில் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் ரெஸ்யூமேவுக்காக அனுப்பும் கமா திருத்தங்களை நிராகரிக்க மனசு வரவில்லை என்கிறீர்கள். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற போட்டியில் ஒரு டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுவதும் இப்படி வந்து குவிந்து, போட்டி நடத்தியவர்கள் மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்களுக்கு மட்டும் என்று ஆக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு இரண்டு வரி காரணம் எழுதி மூடிவிடுங்கள். சட்டப்படி யாருடைய திருத்தத்தையும் ஏற்கும் கடமை உங்களுக்கு இல்லை.

கிடப்பில் இருக்கும் 41 திருத்தங்களில் கட்டளை உள்ளவற்றை மட்டும் முதலில் பொறுக்கி, வேறொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவை காத்திருக்கட்டும், கமா எங்கும் ஓடிவிடாது.

மெயில் அனுப்புவதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் அனுப்பிய படத்தில் 14ஆம் பிரிவின் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது. 'எனினும், பணியாளர் தன் சொந்த நேரத்தில்' என்பது வரை தெரிகிறது, அதற்கு மேல் இல்லை. அடுத்த பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள்.